ஒன்பதும் ஐம்பதும் ஒண்ணு!

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரில் ராசிபலன் பார்த்துவிட்டு, 'எதிர்பாராத வரவு' என்று போட்டிருந்ததை நம்பி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தது மாடி வீட்டுத் தம்பி.

கையில் இரண்டு காகிதம். முகத்தில் ஈயாடவில்லை.

"சார்... என் உடம்புல இருந்த இரும்பு காணாமப் போச்சு சார்!"

"போலீஸ்ல எழுதிக் குடுத்தியா?" என்றேன்.

பையனுக்கு வேலை திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில். ராயபுரத்திலிருந்து தினமும் பைக்கில் போய் வருகிறவன். இரும்பு காணாமல் போச்சு என்று யார்டுக்காரன் சொன்னால் வேறு எப்படிக் கேட்பதாம்?

"வெளையாடாதீங்க சார். ஆறு மாசம் முன்னால ஆபீஸ்ல எல்லாருக்கும் செக்-அப் பண்ணாங்க. சீரம் அயர்ன் அம்பது. இப்போ வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி வேலைக்காக மெடிக்கல் எடுத்தேன். ஒம்பது சார், ஒம்பது! இதைப் பார்த்தா என்னை எடுப்பானா? நைட்டெல்லாம் தூக்கமே இல்லை. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை."

"சரி, உட்காரு."

"ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு சார். ஹீமோகுளோபின் மட்டும் நல்லா ஏறியிருக்கு. போன தடவை 12.9. இந்தத் தடவை 124!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரும்பு ஐந்தில் ஒரு பங்காய்க் குறையுமாம், ஹீமோகுளோபின் பத்து மடங்கு ஏறுமாம். அந்தக் கணக்கில் ரத்தம் இருந்தால் நரம்பில் ஓடாது, கரண்டியால் அள்ளி பன்னில் தடவிக்கொள்ளலாம்.

"காகிதத்தைக் குடு" என்றேன்.

நான் டாக்டர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் பில் ஆஃப் என்ட்ரி போட்டுக் கை தேய்ந்தவன். அந்த வேலையில் முதல் வாரமே மேனேஜர் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணின் வாலைப் பார்!

சரக்கு நூறு டன் என்று எழுதியிருக்கும். எந்த டன்? மெட்ரிக் டன் என்றால் 1000 கிலோ. இங்கிலீஷ்காரனின் லாங் டன் என்றால் 1016 கிலோ. அமெரிக்காக்காரனின் ஷார்ட் டன் 907 கிலோதான். மூன்றுக்கும் பெயர் டன். வாலைப் பார்க்காமல் எழுதினவன் கஸ்டம்ஸில் பதில் சொல்ல முடியாமல் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

நம்ம ஊர் குமாஸ்தாதான் தப்புப் பண்ணுவார் என்று நினைக்காதீர்கள். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்குக் கிலோ கணக்கில் போடவேண்டிய எரிபொருளைப் பவுண்டு கணக்கில் போட்டுவிட்டார்கள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. நடுவானத்தில் இரண்டு இன்ஜினும் நின்றுபோய், விமானி அதைக் காற்றாடி மாதிரி மிதக்கவிட்டு கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய ஓடுபாதையில் கொண்டுவந்து இறக்கினார். உயிர்ச் சேதம் இல்லை. அந்த விமானத்துக்கே 'கிம்லி கிளைடர்' என்று பெயர் வந்துவிட்டது.

பையனின் காகிதங்களை மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் காகிதம்: ஐம்பது. வால், 'மைக்ரோகிராம் பெர் டெசிலிட்டர்'.

இரண்டாவது காகிதம்: ஒன்பது. வால், 'மைக்ரோமோல் பெர் லிட்டர்'.

"தம்பி, ஒன்பதை 5.585-ஆல் பெருக்கு."

செல்போனில் தட்டினான். "ஐம்பது புள்ளி... சார்! ஐம்பதுதான் வருது!"

"அதேதான். ஒன்பதும் ஐம்பதும் ஒண்ணு."

பையன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எண்ணூர் அனல் மின் நிலையத்தை மறுபடி திறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

"ஆனா ஏன் சார் இப்படி?"

அதைக் காசிமேடு மீன் மார்க்கெட்டில் வைத்துத்தான் விளக்கினேன். நெத்திலியை எடை போட்டு விற்கலாம். கூறு போட்டும் விற்கலாம். இத்தனை கிலோ என்று ஒருத்தி சொல்வாள், இத்தனை கூறு என்று இன்னொருத்தி சொல்வாள். கூடையில் இருப்பது அதே நெத்திலிதான். மைக்ரோகிராம் என்பது எடை. மோல் என்பது எண்ணிக்கை, டஜன் மாதிரி. என்ன, கொஞ்சம் பெரிய டஜன். ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று சைபர் போட்டால் வருமே, கிட்டத்தட்ட அத்தனை அணு சேர்ந்தது ஒரு மோல். இரும்பு அணு அத்தனை சேர்ந்தால் எடை 55.85 கிராம். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமோல், அதாவது 55.85 மைக்ரோகிராம். ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர். ஆகவே பத்தால் வகுத்தால் 5.585. முடிந்தது கணக்கு. பத்தாம் கிளாஸ் கெமிஸ்ட்ரி வாத்தியார் இதைக் காசிமேட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் நானும் பாஸாகியிருப்பேன்.

டெசிலிட்டர் என்றதும் பயப்படாதீர்கள். நூறு மில்லி. நம்ம டீக்கடை கிளாஸில் சுமாராக ஒன்று. அந்தக் கிளாஸ் நிறைய ரத்தத்தின் தெளிவு நீரை எடுத்தால் அதில் இரும்பு ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பெரும்பாலான லேப் காகிதங்களில் 60 முதல் 170 மைக்ரோகிராம் வரை சரி என்று போட்டிருக்கும். மோல் கணக்கில் அதுவே ஏறக்குறைய 10 முதல் 30. லேபுக்கு லேப் இது கொஞ்சம் மாறும். அதனால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் அளவோடு ஒப்பிடக்கூடாது. அதே காகிதத்தில் அதே வரியில் போட்டிருக்கிற அளவோடுதான் ஒப்பிடவேண்டும்.

மைக்ரோவைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், இங்கிலீஷ் 'யூ' எழுத்துக்கு இடது பக்கம் ஒரு வால் தொங்கும். சில லேப் பிரின்டருக்கு அந்த வால் போட வராது. 'எம்சி' என்றோ வெறும் 'யூ' என்றோ அடித்துவைக்கும்.

ஹீமோகுளோபினுக்கும் இதே வால் சமாச்சாரம்தான். நம்ம ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று போடுவோம். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாவில் லிட்டருக்கு இத்தனை கிராம். பத்து மடங்கு வித்தியாசம். 124 என்பது 12.4. இங்கிலாந்திலேயே 2013 வரை நம்மைப் போலத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், அப்புறம்தான் மாற்றினார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற என் சித்தப்பா மகள் ஒருமுறை போனில் "ஹீமோகுளோபின் நூத்திப் பதினெட்டு" என்று சொல்ல, இங்கே என் சித்தி சர்க்கரையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "இனிமே சோறு தொடாதேடி" என்று அறிவுரை சொல்லி போனை வைத்துவிட்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லைதானே சார்?" பையன் எழுந்துவிட்டான்.

"உட்காருடா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

ஏனென்றால் 124-ஐ 12.4 ஆக்கியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு மாசத்துக்கு முன்னால் 12.9, இப்போது 12.4. ஏறவே இல்லை, இறங்கியிருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்த சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11. (நடு மூன்று மாசத்துக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.) 'அரை பாயின்ட்தானே' என்று பையன் விட்டிருப்பான். நானும் விட்டிருப்பேன், வேறு ஒரு வரி கண்ணில் படாமல் இருந்தால்.

ஃபெரிட்டின், 11.

இந்த ரத்த இரும்பு ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள நம்ம வடசென்னைக்காரனை விட்டால் ஆள் கிடையாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் வரிசை கட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறோமா இல்லையா? அதுதான் ரிப்போர்ட்.

சீரம் அயர்ன் என்பது இந்த நிமிஷம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிற சரக்கு. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று மாறும். இரும்பு மாத்திரை போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் எகிறிக் குதிக்கும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது, ரோட்டில் எத்தனை ட்ரெய்லர் போகிறது என்று எண்ணிவிட்டு நாட்டின் ஏற்றுமதியைச் சொல்வது மாதிரி.

டிரான்ஸ்ஃபெரின் என்று ஒரு புரதம். அதுதான் ட்ரெய்லர். டி.ஐ.பி.சி. என்று ஒரு வரி இருக்கும். அது எல்லா ட்ரெய்லரும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு ஏற்ற முடியும் என்கிற கணக்கு. சாதாரணமாக 250 முதல் 450 மைக்ரோகிராம். கோடவுனில் சரக்கு தீர்ந்தால் உடம்பு என்ன செய்கிறது என்றால், 'எங்கேயாவது கிடைக்குதா பார்' என்று காலி ட்ரெய்லர்களை அதிகமாக அனுப்புகிறது. அதனால் சரக்கு குறையும்போது டி.ஐ.பி.சி. ஏறும்.

ரோட்டில் போகிற சரக்கை மொத்தக் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்கினால் சாச்சுரேஷன். ட்ரெய்லர் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். 20-லிருந்து 50 வரை இருந்தால் நல்லது. 16-க்குக் கீழே போனால் இரும்பு பத்தவில்லை.

பையனின் பழைய காகிதத்தில் 50, டி.ஐ.பி.சி. 420. வகுத்தால் 12 சதவீதம். புதுக் காகிதத்தில் 9, டி.ஐ.பி.சி. 75. வகுத்தால் அதுவும் 12 சதவீதம்! மேலேயும் கீழேயும் ஒரே வால் இருந்தால் வகுக்கும்போது வால் அறுந்துவிடும். சதவீதத்துக்கு வாலே கிடையாது. எந்த ஊர் ரிப்போர்ட்டாக இருந்தாலும் இந்த ஒரு எண்ணை அப்படியே ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

கடைசியாக ஃபெரிட்டின். அதுதான் கோடவுன் இருப்பு. அதற்கு இரண்டு வால் போடுவார்கள். 'நானோகிராம் பெர் மில்லி' என்பான் ஒருத்தன், 'மைக்ரோகிராம் பெர் லிட்டர்' என்பான் இன்னொருத்தன். பார்த்தால்தான் பயம். இரண்டும் ஒன்றேதான், பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் கோடவுன் காலி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30-க்குக் கீழே வந்தாலே சந்தேகப்படுகிற டாக்டர்கள் நிறைய.

இதில் ஒரு உள்குத்து உண்டு. காய்ச்சல், கிருமி, மூட்டு வீக்கம் என்று ஏதாவது இருந்தால் உடம்பு 'ஊருக்குள்ள திருடன் வந்துட்டான்' என்று கோடவுனை இழுத்துப் பூட்டிவிடும். கிருமிக்கும் இரும்பு வேண்டும், அதனால்தான். அப்போது ஃபெரிட்டின் அதிகமாகத் தெரியும், ரோட்டில் சரக்கு இருக்காது. இரும்பு இருந்தும் இல்லாத நிலை. அப்படிப்பட்டவர்களுக்கு 70-க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. ஆனால் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம். கோடவுன் காலிதான்.

பையனுக்குக் காய்ச்சல் இல்லை. ஃபெரிட்டின் 11.

"சரி சார். சுவரொட்டி வாங்கிச் சாப்பிட்டா ஏறிடும்ல? பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை..."

இதற்குத்தான் பயந்தேன்.

என் நைனாவும் சுவரொட்டிதான் சாப்பிட்டார்.

நைனா சென்னைத் துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றின ஆள். பாரதி டாக்கில் மெஷின் வைத்து ஏற்றுகிற வசதி வருவதற்கு முன்னாலிருந்தே அங்கே வேலை. பெல்லாரிப் பக்கமிருந்து ரயிலில் வந்து இறங்கும், கப்பலில் ஜப்பானுக்குப் போகும். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் பனியன், தலைமுடி, புருவம் எல்லாம் செங்கல் கலர். அம்மா துவைக்கிற தண்ணீர் சிவப்பாக ஓடும். ராயபுரம் முழுக்கவே அந்தத் தூசி பறக்கும். (2011-ல் ஐகோர்ட் உத்தரவுப்படி நிலக்கரியும் தாதுவும் இங்கிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் அவர்கள் பங்குக் கதையைச் சொல்வார்கள்.)

1983-ல் நைனாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நகமெல்லாம் வெளுத்தது. ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.2. டானிக் எழுதிக்கொடுத்தார்கள். பாட்டி வைத்தியர் அன்னபேதி செந்தூரம் கொடுத்தார். அம்மா வாரம் இரண்டு தடவை சுவரொட்டி சமைத்தாள். மூன்று மாசத்தில் 10-க்கு ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நைனா மறுபடி வேலைக்குப் போனார்.

இரும்பு ஏன் குறைந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு, தினமும் பத்து மேனிஃபெஸ்ட்டில் 'ஷார்ட் லேண்டட்' என்று சிவப்பு மையில் எழுதி, சரக்கு எங்கே போச்சு என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போடுகிறவன். வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோது ஒரு வருஷம் ஓடிவிட்டது. 1984 நவம்பரில் போய்விட்டார். அந்த 7.2 காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவன் ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தான். கணக்கை மட்டும் சொன்னேன்.

மனுஷன் உடம்பில் மொத்த இரும்பு மூன்று, நாலு கிராம். ஒரு நாலு அங்குல ஆணி எடை கூட வராது. ஒரு நாளைக்கு உடம்பை விட்டுத் தானாகப் போவது ஒரு மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். வரவும் செலவும் மாசக் கடைசி குமாஸ்தா பட்ஜெட் மாதிரி இழுத்துப் பிடித்து நிற்கும். ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. தினமும் ஒரு டீஸ்பூன், ஐந்து மில்லி ரத்தம் கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போச்சு. எத்தனை சுவரொட்டி தின்றாலும் ஈடுகட்டாது. ஒரு டீஸ்பூன் கசிவது கண்ணுக்கும் தெரியாது.

பெண்களுக்கு மாசாமாசம் போகிறது, பிரசவத்தில் போகிறது. ஆம்பளைக்கு இரும்பு குறைந்தால் 'என்ன சாப்பிடலாம்' என்பது இரண்டாவது கேள்வி. எங்கே ஒழுகுது என்பதுதான் முதல் கேள்வி.

"ரத்த தானம் பண்றியா?"

"தலைவர் பொறந்த நாளுக்கு வருஷம் ஒரு தடவை சார்."

350 மில்லி பை. சுமார் 175 மில்லிகிராம் இரும்பு. வருஷத்துக்கு ஒன்று என்றால் உடம்பு சமாளித்துவிடும். தலைவருக்கும் எனக்கும் தகராறு இல்லை.

"மூலம், கீலம்?"

பையன் நெளிந்தான். நம்ம எலெக்ட்ரிக் ரயிலில் 'மூலம், பௌத்திரம்' ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டி உண்டா? அத்தனை பேரும் நின்றபடி அதைத்தான் படிக்கிறோம். பக்கத்து ஆள் பார்க்கிறான் என்று தெரிந்தால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

"அதெல்லாம் இல்ல சார்."

"மாத்திரை ஏதாவது?"

"முதுகு வலிக்குத்தான்... அந்த ரோட்ல பைக் ஓட்டிப் பாருங்க சார், தெரியும். மெடிக்கல்ல குடுப்பான். காலையில ஒண்ணு, நைட் ஒண்ணு. ஒரு வருஷமா."

"வெறும் வயித்துல?"

"டீயோட சார்."

"வெளிய போறது கறுப்பா, தார் மாதிரி போகுதா?"

ஐந்து செகண்ட் மௌனம். "அது... அப்பப்ப. நான் சூடுன்னு நெனச்சேன் சார்."

வலி மாத்திரை வயிற்றுச் சுவரை அரித்துப் புண்ணாக்கும், ரத்தம் சொட்டும். குடலுக்குள் சொட்டின ரத்தம் வெளியே வரும்போது சிவப்பாக வராது, கறுப்பாகத்தான் வரும். (இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். ஆனால் அவன் அப்போது இரும்பு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை.)

திங்கள்கிழமை காலை ஏழரை மணிக்கு அவனை இழுத்துக்கொண்டு ஸ்டான்லிக்குப் போனேன். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்ச காலத்தில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஓ.பி. சீட்டு, க்யூ, இன்னொரு க்யூ. வாயில் டியூப் விட்டு வயிற்றைப் பார்க்கத் தேதி கொடுத்தார்கள். பையன் பயத்தில், "சார், இரும்பு மாத்திரை சாப்பிட்டு ஒரு மாசம் பார்த்துட்டு வரட்டுமா?" என்றான். நைனா ஞாபகம் வந்தது. "பேசாம வா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வயிற்றில் இரண்டு சின்னப் புண். கட்டி இல்லை.

வலி மாத்திரையை நிறுத்தினார்கள், புண்ணுக்கு மருந்து, கூடவே இரும்பு மாத்திரை. அங்கேயும் ஒரு வால்! அட்டையில் ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. அதில் இரும்பு மட்டும் எடுத்தால் சுமார் 60, 65 மில்லிகிராம்தான். கன்டெய்னரோடு சேர்த்து எடை போட்டால் கிராஸ், சரக்கு மட்டும் என்றால் நெட். பையனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்பு 60, ஃபோலிக் ஆசிட் 500 என்று இருக்கும். 500-தான் அதிகம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 60 என்பது மில்லிகிராம், 500 என்பது மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். அப்புறம், அந்த மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கிறதே என்று நாலைந்தை விழுங்கினால் சின்னக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து.

மாத்திரையோடு டீ கூடாது, காபியும் கூடாது. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கவேண்டும். எலுமிச்சம் சாறு நல்லது. சாப்பிட்ட கையோடு டீக்கடைக்கு ஓடுகிற ஆபீஸ்காரர்கள் கவனிக்கவும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாசம் மாத்திரை தொடரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ரோட்டில் சரக்கு வந்தால் போதுமா, கோடவுன் ரொம்ப வேண்டாமா?

இதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, என் சம்சாரத்திடம் கொஞ்சம் ஜம்பமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ட்ரெய்லர், கோடவுன், வால் எல்லாம்.

கேட்டுக்கொண்டே அரிசி களைந்தவள், "பொண்ணு பொறந்தப்புறம் நான் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்னேனே, ஞாபகம் இருக்கா? உங்கம்மா 'அரிசி தின்னா ஊர்ல மழை பெய்யும்'னு திட்டுவாங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னேன். 'உடம்பைக் குறை'ன்னு சொன்னீங்க" என்றாள்.

பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ் கட்டி இதிலெல்லாம் ஆசை வருவது இரும்பு குறைந்ததற்கு ஓர் அடையாளம். மாடி வீட்டுப் பையனுக்கு அதைக்கூடச் சொல்லியிருந்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல். அதையும் சொல்லியிருந்தேன்.

"நாளைக்கு உனக்கும் ரத்தம் பார்த்துடலாம்" என்றேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சா? ரொம்ப சீக்கிரம்" என்றாள்.

பார்த்தோம். ஃபெரிட்டின் 22. அவளுக்கும் இப்போது மாத்திரை ஓடுகிறது. இந்த வயசில் எங்கே ஒழுகுது என்று பார்க்க அடுத்த வாரம் போகவேண்டும். காலண்டரில் நானே வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

மாடி வீட்டுத் தம்பி போன வாரம் புது ரிப்போர்ட்டோடு படி இறங்கி வந்தான். வாசலிலேயே நின்று கத்தினான். "சார்! ஹீமோகுளோபின் நூத்தி முப்பத்தாறு! கிராம் பெர் லிட்டர்!" கப்பல் கம்பெனி மறுபடி மெடிக்கல் கேட்டிருந்ததாம். ஃபெரிட்டின் 41, மைக்ரோகிராம் பெர் லிட்டர். வாலோடு சேர்த்துத்தான் சொன்னான்.

"முதுகு வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"அது அப்படியேதான் சார் இருக்கு. அவங்க ரோடு போட்டாத்தானே!"